இடது காது மூத்தவருக்கு, வலது காது அடுத்தவருக்கு

எருக்கலாம்பாளையத்துக்கு எந்த ஊரில் நின்று வழி கேட்டாலும், சொல்கிறவர் முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்வார், பிறகுதான் கையை நீட்டுவார். அதற்கு ஊர்க்காரர்கள் எல்லோரும் காரணமில்லை. கிழக்குத் தோட்டத்து அண்ணன் தம்பிகள் நாலு பேர் மட்டும்தான் காரணம்.

மூத்தவர் பொங்கியண்ணன். அடுத்தவர் வையாபுரி. மூன்றாமவர் அங்கண்ணன். கடைக்குட்டியின் பெயர் பெரியதம்பி. அப்பா சாகும்போது நாலு பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எது வந்தாலும் பங்கு பிரிச்சுக்குங்கடா, சண்டை வராது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பாவம், அவர் தேங்காயை நினைத்துச் சொன்னார். பிள்ளைகள் "எது வந்தாலும்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஆறு மணி நேரம். அது எல்லா ஊரிலும் உள்ள முறைதான். ஆனால் ஒரு தடவை பொங்கியண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்து விழுங்கினார்கள். தம்பிகள் மூன்று பேருக்கும் மறுநாள் காய்ச்சல் இல்லை. பொங்கியண்ணனுக்கு மட்டும் விடவில்லை. "என்ற பங்கு மாத்திரைதான் சொத்தையாப் போச்சாட்ட இருக்குது" என்று அவர் யாரையும் குறை சொல்லாமல் ஒரு வாரம் போர்வைக்குள் கிடந்தார். மூத்தவர்கள் மூன்று பேரின் மனைவிமாரும் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் சிரிப்பை அடக்குவார்கள்?

இந்தக் கதை பெரியதம்பியின் கதை. அவனுக்குப் பக்கத்து ஊர் ரங்கண்ணனுடைய மகள் கோகிலவாணி மேல் உயிர். சந்தையில் ஒரு தடவை அவள் அவனைப் பார்த்து, "சித்த நகர்ந்துக்கறீங்களா?" என்று கேட்டிருந்தாள். அன்றைக்கு நகர்ந்தவனுக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

பெண் கேட்டுப் போனபோது ரங்கண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நோம்பி நொடின்னா என்ற பொண்ணு பொறந்த வூட்டுக்கு வரோணும். உங்களுக்கு மினி லாரி இருக்குது, ஓட்டறதுக்கு நாலு பேர்ல ஒருத்தருக்கும் லைசென்ஸ் இல்ல. மாப்ளே லைசென்ஸோட வரட்டும், பொண்ணைத் தாரேன்."

பெரியதம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியும். தோட்டத்துக்குள் நூல் பிடித்த மாதிரி ஓட்டுவான். ஆனால் லைசென்ஸ் டெஸ்ட்டில் பக்கத்தில் ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து, "ம், எடு" என்று சொல்லிவிட்டால் போதும், முழங்கால் இரண்டும் தாளம் போட ஆரம்பித்துவிடும். முதல் தடவை கியர் என்று நினைத்து ஆய்வாளரின் தொடையைப் பிடித்தான். இரண்டாவது தடவை ஹாரனில் வைத்த கையை எடுக்க முடியாமல் இரண்டு பேர் வந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை பயத்தில் வண்டியை விட்டு இறங்கி, எட்டு போட வேண்டிய கோட்டின் மேல் நடந்தே எட்டுப் போட்டுக் காட்டினான். சுத்தமாகத்தான் போட்டான். ஆனால் அதெல்லாம் கணக்கில் சேராதாம்.

ரங்கண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸோட வந்தாச் சரி. இல்லாட்டி வியாழக்கிழமை வேற எடத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க" என்று சொல்லி அனுப்பினார். பெரியதம்பி அன்றைக்கு மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தானே கரைத்துக் குடித்துவிட்டு, மாட்டுக்குக் காப்பி வைத்தான். அந்த அளவுக்கு மனசு உடைந்து போயிருந்தான்.

அப்போதுதான் யாரோ டவுனில் ஒலி வைத்தியம் பார்க்கிற இந்திராணி அம்மாளைப் பற்றிச் சொன்னார்கள். சத்தத்தை வைத்தே மனசைச் சரி பண்ணுவாராம். நாலு பேரும் சேர்ந்து போனார்கள். நோயாளி நான்கு பேரில் யார் என்று அந்த அம்மாள் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது.

அவர் ஒரு ஹெட்போனையும் கைக்கடக்கமான பாட்டுப் பெட்டியையும் எடுத்து வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இடது காதுல ஒரு சத்தம் கேக்கும். நொடிக்கு இருநூறு அதிர்வு. வலது காதுல கேக்கறது இருநூத்திப் பத்து. ரெண்டுக்கும் வித்தியாசம் பத்து, இல்லையா? அந்தப் பத்து வெளியில எங்கயும் கிடையாது. நடுவுல தானா உண்டாகும். மூளையோட அலை அந்தப் பத்தோட சேர்ந்து ஆட ஆரம்பிச்சா, மனசு அமைதியாகும். சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. முயற்சி பண்ணிப் பாருங்க."

"அந்தப் பத்து எங்கீங்கம்மா உண்டாகும்?" என்று அங்கண்ணன் கேட்டார். நாலு பேரில் அவர்தான் புத்திசாலி என்று மற்ற மூன்று பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுலதாங்க. ஏழு நாள், தினம் அரை மணி நேரம் கண்ணை மூடி உக்காந்து கேக்கணும். கேக்கும்போது வண்டி ஓட்டக் கூடாது. கேக்கறவங்களை யாரும் எழுப்பக் கூடாது, தானா கண்ணைத் திறக்கற வரைக்கும் விட்டுடணும். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் கிணற்று மேட்டில் பஞ்சாயத்துக் கூடியது. நடுவில் ஒரு வாழையிலை, அதன் மேல் ஹெட்போன்.

"வந்துருக்கறது ரெண்டு காது. நாம நாலு பேரு" என்று ஆரம்பித்தார் பொங்கியண்ணன்.

"ஒவ்வொரு காதையும் ரெண்டா வெட்டிப்போடலாமுங்களா?" என்றார் வையாபுரி.

"வெட்டுனா உள்ள இருக்கற சத்தம் சிந்திப் போயிரும்" என்றார் அங்கண்ணன்.

எல்லோரும் கொஞ்ச நேரம் சத்தம் சிந்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்கள். பெரியதம்பி மெதுவாக, "வைத்தியம் எனக்குத்தானுங்களேண்ணா" என்றான். அண்ணன்மார் மூன்று பேரும் அவனை வருத்தத்தோடு பார்த்தார்கள்.

"தம்பி, அப்பன் சொல்லு மறந்து போச்சா? வந்ததை ஒருத்தனே அனுபவிச்சா நாளைக்குக் குடும்பம் ரெண்டாப் போயிருமடா" என்றார் பொங்கியண்ணன். பெரியதம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் அங்கண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். "அந்தம்மா மூணு சொல்லிச்சு. இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. இடது காது பெரியண்ணனுக்கு. வலது காது சின்னண்ணனுக்கு. நடுவுல உண்டாகற பத்து எனக்கும் தம்பிக்கும், ஆளுக்கு அஞ்சு."

"சித்த பொறு" என்று கையை உயர்த்தினார் பொங்கியண்ணன். "மூத்தவன் எனக்கு இருநூறு, அவனுக்கு இருநூத்திப் பத்தா? இது எந்த ஊரு நாயம்?"

வையாபுரி நல்ல மனுசன். "எனக்கு வேண்டாமுங்ணா. எனக்கும் இருநூறே போதும். அந்தப் பத்தை நடுவுல விட்டுத் தந்தர்றேன்" என்றார்.

அங்கண்ணன் துள்ளி எழுந்தார். "அட! அந்தம்மா சொன்ன பத்து இதுதானுங்ணா! வெளியில எங்கயும் இல்ல, நடுவுல தானா உண்டாகும்னு சொன்னாங்களே, உண்டாயிருச்சு பாருங்க!"

நாலு பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று பொங்கியண்ணன் டவுன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அங்கண்ணன் தம்பியின் தோளில் கை போட்டு, "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. என்ற அஞ்சையும் நீயே வெச்சுக்கடா" என்றார். பெரியதம்பி அழுதுவிட்டான். இந்தக் காலத்தில் யார் விட்டுக்கொடுப்பார்கள்?

கொடுவாளை எடுத்து ஹெட்போனின் மேல்வளைவை இரண்டாக நறுக்கினார்கள். ஒயர் மட்டும் தப்பியது. பொங்கியண்ணன் இடது காதை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தார். வையாபுரி வலது காதை மாட்டிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு தலைக்கும் நடுவில் சரியாக ஒரு தலை இடம் விட்டு, அதில் பெரியதம்பியின் தலையை வைத்தார்கள்.

"கேக்குதாடா?" என்றார் அங்கண்ணன்.

"ஒண்ணுமே கேக்கலீங்ணா."

"வெறும் பத்துதானே, சன்னமாத்தான் இருக்கும். பொறு."

பத்து நிமிடத்தில் பொங்கியண்ணன் தலை சாய்ந்தது. அடுத்து வையாபுரி. அப்புறம் ஆரம்பித்தது குறட்டை. இடது பக்கம் பொங்கியண்ணனுடையது, பழைய ராட்டினத்தில் தண்ணீர் இறைக்கிற மாதிரி நிதானமாக. வலது பக்கம் வையாபுரியுடையது, பலகை அறுக்கிற மாதிரி கொஞ்சம் விரைவாக. பெரியதம்பி பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. சின்ன வயதில் இடி இடித்தால் அவன் போய்ப் புகுந்துகொள்வது அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான். அவன் நெஞ்சில் கொஞ்ச நாளாக முட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. கண்ணை மூடினான். மனசு மழை பெய்து ஓய்ந்த களம் மாதிரிச் சுத்தமாக இருந்தது.

அங்கண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். நிமிடத்துக்குப் பெரியண்ணன் பன்னிரண்டு, சின்னண்ணன் பதினாலு. வித்தியாசம் இரண்டு. பத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதே, மீதி எட்டு எங்கே என்று குழம்பினார். வெயில் காலம், ஆவியாகியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஏழு நாளும் தவறாமல் நடந்தது. ஏழாம் நாள் பொங்கியண்ணனும் வையாபுரியும் காதில் வைத்த உடனே தூங்கிப்போகும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பெரியதம்பி அவர்கள் நடுவில் இருக்கிற வரை ஆண்டி மாதிரி அமைதியாக இருந்தான். எழுந்து நாலடி நடந்து புதன்கிழமையை நினைத்தால் பழையபடி முழங்கால் தாளம் போட்டது.

"அப்பொ ஒண்ணுதான் வழி. நடுவையே டெஸ்ட்டுக்குக் கொண்டு போகோணும்" என்றார் அங்கண்ணன்.

புதன்கிழமை மத்தியானம் வாடகை டிரைவர் ஒருவர் மினி லாரியைச் சோதனை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். முன்சீட்டில் இடது ஓரம் பொங்கியண்ணன் ஏறி இடது காதை மாட்டிக்கொண்டார். வலது ஓரம் வையாபுரி ஏறி வலது காதை மாட்டிக்கொண்டார். நடுவில் பெரியதம்பி. பாட்டுப் பெட்டி முடிந்தால் திரும்ப ஆரம்பிக்கும்படி அங்கண்ணன் திருகி வைத்தார். இரண்டு பக்கமும் குறட்டை கிளம்பியது. பெரியதம்பி அமைதியானான்.

ஆய்வாளர் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனுசர். சரியாகத் தூங்கிப் பல வருடம் ஆயிற்று என்பது அவர் கண்ணைச் சுற்றியிருந்த கருப்பிலேயே தெரிந்தது. அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்கு நேரே உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா டெஸ்ட்டுக்கு வந்தது?"

"நானுங்க சார். நடுவுல."

"நடுவுல உக்காந்து எப்படிய்யா ஓட்டுவ?"

"இப்ப ஓட்டக் கூடாதுங்க சார். கேட்டுட்டிருக்கறேன்."

ஆய்வாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எறங்கு. சுத்தி வந்து அந்த ஆளை எழுப்பிட்டு ஸ்டீயரிங்ல உக்காரு. நான் எங்க உக்கார்றது?" ஓரத்தில் இருந்த பொங்கியண்ணனை நகர்த்திப் பார்த்தார். நெல் மூட்டை நகர்ந்தாலும் அவர் நகர மாட்டார். வேறு வழியில்லாமல் அவர் காலைத் தாண்டி, பெரியதம்பி இறங்கிய நடு இடத்தில் ஆய்வாளரே ஏறி உட்கார்ந்தார்.

பெரியதம்பி வண்டியைச் சுற்றி வருவதற்குள், இடது பக்கத்து ராட்டினமும் வலது பக்கத்து ரம்பமும் ஆய்வாளரின் இரண்டு காதிலும் இறங்கிவிட்டன. அவர் கண்ணைக் கசக்கினார். பேனா கையிலிருந்து நழுவியது. தலை மெதுவாகப் பொங்கியண்ணன் தோளில் சாய்ந்தது. மூன்றாவதாக ஒரு குறட்டை சேர்ந்துகொண்டது.

பெரியதம்பி வெளியே நின்ற அங்கண்ணனிடம் ஓடினான். "அண்ணா, சாரை எழுப்பட்டுங்களா?"

"கேக்கறவங்களை எழுப்பக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னதை மறந்துட்டியா? தானா முழிப்பாரு" என்றார் அங்கண்ணன்.

அரை மணி நேரம் நின்றார்கள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மணி மூன்றரை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போய்விட்டார்கள். கோகிலவாணியின் முகம் பெரியதம்பியின் கண்ணுக்குள் வந்து வந்து போனது. நாளைக்கு யாரோ ஒருத்தன் அவள் கையால் காப்பி வாங்கிக் குடிப்பான் என்று நினைத்தபோது அவனுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸோட போகோணுமுங்ணா. லைசென்ஸ் எழுதறவரு தூங்கறாரு. நான் எதைக் கொண்டு போறது?"

அங்கண்ணன் ஆழமாக யோசித்தார். ஊரில் அவரைப் புத்திசாலி என்று சும்மா சொல்லவில்லை. "பால் வேணுங்கறவனுக்குப் பாலைக் கொடுக்கறதை விட மாட்டையே கொடுக்கறது ஒசத்திதானேடா? தள்ளு வண்டியை."

ரங்கண்ணன் வீடு மூன்று கிலோமீட்டர்தான். அங்கண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். பெரியதம்பி ஓரமாக நடந்துகொண்டே தள்ளி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தூங்குகிற வையாபுரியின் மடிக்கு மேலே ஸ்டீயரிங்கைத் திருப்பினான். சந்தைத் திருப்பத்தில் வாயாலேயே ஹாரன் அடித்தான். தேர்முட்டி வளைவில் எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி, கை காட்டி, வழி விட்டான். பஸ் டிரைவர் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். பள்ளத்தில் பிரேக் பிடிக்கிற மாதிரி வண்டியைத் தோளால் தாங்கி இறக்கினான்.

"ஏன்டா தம்பி, உனக்குக் கை நடுங்கவே இல்லையே?" என்று பின்னாலிருந்து கேட்டார் அங்கண்ணன். "பக்கத்துலயே ஆபீசரும் உக்காந்துருக்கறாரு."

"ஓட்டுனாத்தானுங்ணா நடுங்கும். தள்றதுக்கு எதுக்கு நடுங்கோணும்?"

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி ரங்கண்ணன் வாசலில் போய் நின்றது. ரங்கண்ணன் வெளியே வந்தார்.

"லைசென்ஸ் எங்கீங் மாப்ளே?"

பெரியதம்பி கதவைத் திறந்து காட்டினான். "லைசென்ஸ் குடுக்கறவரையே கொண்டாந்துட்டேனுங் மாமா."

ரங்கண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவரும் பக்கத்து ஊர்க்காரர்தானே, காற்று அந்தப் பக்கமும் அடிக்கும். ஆய்வாளரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். சட்டையின் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இவரு எத்தன வருசத்துக்குச் செல்லுமுங்க?"

"ஓய்வு வாங்கற வரைக்குமுங்க" என்றார் அங்கண்ணன். "பாத்தா இன்னும் ரெண்டு வருசம் வருமாட்ட இருக்குது."

"ரெண்டே வருசமா? அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் புது ஆளு போடுவாங்கள்ல, போய் மாத்திக்கறதுதான்."

ரங்கண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். "கார்டுன்னா தொலைஞ்சு போகும். இவரு தொலைய மாட்டாரு. சரி, உள்ள வாங்க." வெற்றிலைத் தட்டு வந்தது. பெரியதம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டை வாங்கும்போது, கதவோரம் நின்ற கோகிலவாணி அவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஆய்வாளர் கண் விழித்தார். கூடவே பொங்கியண்ணனும் வையாபுரியும் விழித்தார்கள்.

ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், வெற்றிலைத் தட்டு. "நான் எங்கய்யா இருக்கறேன்? வண்டியை யாரு ஓட்டிட்டு வந்தது?"

"யாருமே ஓட்டலீங்க சார். சட்டப்படிதான் வந்தோம்" என்றான் பெரியதம்பி.

கோபப்பட வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. உடம்பில் கோபம் தேடியும் கிடைக்கவில்லை. கோகிலவாணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அடுத்த வாரம் மறுபடி வாங்க. இந்த ரெண்டு பேரையும் மறக்காமக் கூட்டிட்டு வாங்க" என்றார். "இப்ப என்னை ஆபீஸ்ல கொண்டு போய் விடணும். லைசென்ஸ் இருக்கறவங்க யாராவது இருக்கீங்களா?"

"எங்கிட்ட இருக்குதுங்க சார்" என்றாள் கோகிலவாணி. "போன வருசம் நீங்கதான் குடுத்தீங்க. அப்பாவைச் சந்தைக்குத் தினமும் நாந்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அட, ஆமா!" என்றார் ரங்கண்ணன்.

கோகிலவாணி ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்தாள். ஆய்வாளர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணன் தம்பிகள் நாலு பேரும் பின்னால் போய் வரிசையாக நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வரும்போது தூங்கிவிட்டதால் இந்த முறை தங்களுடையது என்று மூத்தவர்கள் இரண்டு பேரும் பிடிவாதமாக முன்னே நின்று தோள் கொடுத்தார்கள். என்ஜின் உறுமி வண்டி கிளம்பியது. ஏறிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவர்களைப் பார்த்த கோகிலவாணி, அவர்கள் ஓடி வருகிற அளவுக்கு மெதுவாகவே ஓட்டினாள்.

ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். அங்கண்ணன் மூச்சிரைக்கத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பொண்ணு ரொம்ப ராசியான பொண்ணுடா. வரும்போது இருந்த கனம் இப்ப வண்டியில இல்லவே இல்ல!"